ஒரே வீட்டில் இரண்டு சர்க்கரை... ஒரே அளவு பொருந்துமா?

ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. அந்தத் தையல்காரருக்கு அதுதான் முதல் அறிகுறி.

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 26 வருடங்களாக பிளவுஸ் தைப்பவர் அவர். வயது 49. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடை முழுக்கத் துணி. ராத்திரி 12 மணி வரை மெஷின் ஓடியது. கண் மங்கியபோது, 'வயசாகுது, கண்ணாடி போடணும்போல' என்று நினைத்துக்கொண்டார். நாக்கு வறண்டது, கடையில் வெக்கை என்றார். ராத்திரியில் நாலு முறை பாத்ரூம் போக வேண்டியிருந்தது. 'தண்ணி நிறைய குடிக்கிறோமே' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பேன்ட் இடுப்பில் தளர்ந்தது. அதை மட்டும் கையோடு பிடித்துத் தைத்துக்கொண்டார்.

இரண்டாவது முறையாக பேன்ட்டைப் பிடிக்கும்போதுதான் மனைவிக்கு உறுத்தியது.

"என்னங்க, சாப்பாடும் குறையல, நடையும் இல்ல. இடுப்பு மட்டும் எப்படிங்க குறையுது?"

அந்த வீட்டுக்கு சர்க்கரை நோய் புதிதல்ல. அவருடைய அம்மாவுக்கு வயது 74. 22 வருடங்களாக சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். பிளஸ் டூ படிக்கும் மகள், அப்பத்தாவின் குளுக்கோமீட்டரை எடுத்து வந்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தாள். 268 என்று காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினாள். 271.

லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2 சதவீதம் என்று வந்தது. அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான்.

"ஊசி மட்டும் வேண்டாம் டாக்டரம்மா!"

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மாத்திரையோடு, கொஞ்ச நாளைக்கு இன்சுலினும் போட வேண்டும் என்றார்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. அம்மா வயிற்றில் ஊசி குத்திக்கொள்வதைப் பல வருடமாகப் பார்த்தவர். ஊசி ஆரம்பித்தால் கடைசிவரை விடாது. ஊசி என்றால் வியாதி முற்றிவிட்டது. இந்த இரண்டையும் அவர் சந்தேகமே இல்லாமல் நம்பினார்.

"மாத்திரை எத்தனை வேணாலும் குடுங்க டாக்டரம்மா. ஊசி மட்டும் வேண்டாம்."

"உங்க அம்மாவுக்குப் போடுற ஊசி வேற காரணத்துக்கு. உங்களுக்குப் போடுறது வேற காரணத்துக்கு" என்றார் டாக்டர். பிறகு அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே விளக்கினார்.

"உங்க கடை ராக் முழுக்கத் துணி இருக்கு. இப்ப ஒருத்தங்க பத்து பிளவுஸ் பிட்டோட வந்து நின்னா என்ன சொல்வீங்க?"

"தீபாவளி கழிச்சு வாங்கம்மான்னு சொல்வேன்."

"உங்க உடம்புல தசை அதைத்தான் சொல்லுது. இன்சுலின், சர்க்கரையைக் கூட்டிட்டு வந்து கதவைத் தட்டுது. உள்ளே ஏற்கெனவே கொழுப்பு அடைஞ்சு கிடக்கு. அதனால கதவு சரியா திறக்கல. கல்லீரல்லயும் அதே கதை. ராத்திரியில சர்க்கரையை ரத்தத்துல கொட்டாதேன்னு இன்சுலின் சொன்னா, அது கேட்கணும். கொழுப்பு படிஞ்ச கல்லீரல் கேட்க மாட்டேங்குது. இதுக்குப் பேர்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்."

ஆரம்பத்தில் கணையம் விட்டுக்கொடுக்காது. ஒரு மடங்கு இன்சுலினுக்குக் கதவு திறக்கவில்லை என்றால் இரண்டு மடங்கு சுரக்கும். பல வருடம் இப்படியே சமாளிக்கும். ரிப்போர்ட்டில் சர்க்கரை நார்மலாகத்தான் இருக்கும். ஒருநாள் கணையத்துக்கு முடியாமல் போகும். அன்றைக்குத்தான் சர்க்கரை ஏற ஆரம்பிக்கும்.

ஏறிய சர்க்கரை சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் தொடர்ந்து சர்க்கரை அதிகமாக இருந்தால், அதுவே தசையை இன்னும் மந்தமாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையும் களைப்படைய வைக்கிறது. ரெசிஸ்டன்ஸால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறியதால் ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது. மருத்துவர்கள் இதை 'குளுக்கோஸ் டாக்சிசிட்டி' என்கிறார்கள். சர்க்கரையே நஞ்சாக மாறுவது.

"இந்தச் சுழலை எங்கேயாவது அறுக்கணும். கணையத்துக்குக் கொஞ்ச நாள் லீவு குடுக்கணும். அதுக்குத்தான் உங்களுக்கு ஊசி" என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார். "கண்ணாடி இப்ப வாங்காதீங்க. சர்க்கரை இறங்கினதும் பார்வை மாறும். வாங்கின கண்ணாடி வீணாப்போயிடும்."

காசு மிச்சம் என்ற அந்த ஒரு விஷயம்தான் அன்றைக்கு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

டோஸ் ஏன் குறைந்தது?

காலையும் இரவும் சேர்த்து 28 யூனிட்டில் ஆரம்பித்தார்கள். முதல் ஊசியை அம்மாதான் போட்டுவிட்டார். "வலிக்காதுப்பா, கண்ணை மூடிக்கோ" என்று 49 வயது மகனிடம் சொன்னார்.

முதல் வாரம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது வாரம் சர்க்கரை 200-க்குக் கீழே வந்தது. மூன்றாவது வாரம், அதே 28 யூனிட்டுக்கு சாயங்காலம் கை நடுங்கியது. மீட்டரில் 68. டாக்டர் டோஸைக் குறைத்தார். அடுத்த வாரம் மறுபடியும் குறைத்தார். ஏழாவது வாரம் ஊசியை நிறுத்திவிட்டார். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தொடர்ந்தது. தீபாவளித் துணியெல்லாம் போய், மார்கழிக் குளிரில் ஒருநாள் ஊசியில் நூல் ஒரே குத்தில் நுழைந்தது.

போட்ட மருந்து குறைந்துகொண்டே வந்தும், சர்க்கரை ஏறவில்லை. எப்படி?

இந்தக் கேள்விக்கான விடை, எலிகளை வைத்துச் செய்த ஒரு பழைய ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்ற பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கணையத்தின் 90 சதவீதம் அகற்றப்பட்டு சர்க்கரை நோய் வந்த எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். இன்சுலின் எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. சர்க்கரையை மட்டும் இறக்கினார்கள். அந்த எலிகளின் உடம்பு மறுபடியும் இன்சுலினுக்கு ஒழுங்காக இணங்க ஆரம்பித்தது. ஏறிக்கிடந்த சர்க்கரைதான் ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போது தெளிவானது.

மனிதர்களிடமும் இதை ஒட்டிய முடிவு கிடைத்திருக்கிறது. சீனாவில் 9 மருத்துவமனைகளில், புதிதாக டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட 382 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு பம்ப் மூலம் இன்சுலின், ஒரு பிரிவுக்கு தினமும் பல வேளை ஊசி, ஒரு பிரிவுக்கு மாத்திரை. சர்க்கரை நார்மலுக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே இருந்ததும், எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, உணவும் உடற்பயிற்சியும் மட்டும் போதும் என்று அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பம்ப் பிரிவில் 51 சதவீதம் பேரும், ஊசிப் பிரிவில் 45 சதவீதம் பேரும், மாத்திரைப் பிரிவில் 27 சதவீதம் பேரும் மருந்தில்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். 2008-ல் வெளிவந்த முடிவு இது.

ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்தால் பலன் பெரிது. தையல்காரரின் டோஸ் குறைந்ததற்கு அதுதான் காரணம்.

மோட்டார் வந்தது, காலுக்கு வேலை போனது

ஊசியை நிறுத்திய அன்று, அவர் கிட்டத்தட்ட ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "எனக்கு சர்க்கரை போயிடுச்சு" என்று சந்து முழுக்கச் சொன்னார். அடுத்த விசிட்டில் டாக்டர் அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் பிடித்துத் தைத்தார்.

சர்க்கரை ஏறியதால் கூடிய ரெசிஸ்டன்ஸ்தான் இப்போது இறங்கியிருக்கிறது. சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, பல வருடமாக உள்ளே இருந்த ரெசிஸ்டன்ஸ் அப்படியேதான் இருக்கிறது. அது கல்லீரலிலும் தசையிலும் அடைந்த கொழுப்பின் வேலை. மருந்து சர்க்கரையை இறக்கும். ராக்கைக் காலி செய்யாது.

"நான் என்ன குண்டாவா இருக்கேன் டாக்டரம்மா?" என்று கேட்டார். எடை 74 கிலோ. கை, கால் எல்லாம் ஒல்லி. வயிறு மட்டும் முன்னால்.

நம் ஊர் உடம்பின் பிரச்னையே இதுதான். 2004-ல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கான எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னதற்குப் பின்னால் இந்த உடல்வாகுக்கும் பங்கு உண்டு.

கொழுப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த 'டைரெக்ட்' ஆய்வு காட்டியது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை, மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் குறைந்த கலோரி உணவில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்துவிட்டது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு இந்தப் பலன் கிடைத்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, 'எப்போது உடம்பு இப்படி ஆச்சு?' என்ற பேச்சு வந்தது. அம்மாதான் சொன்னார்: "மெஷினுக்கு மோட்டார் மாட்டினியே... அன்னையிலேர்ந்துதான்."

உண்மைதான். 12 வருடத்துக்கு முன்புவரை அவர் கால் மிதி மெஷினில்தான் தைத்தார். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் கால் ஓயாமல் அசையும். மோட்டார் வந்ததும் வேகம் கூடியது, வருமானம் கூடியது, காலுக்கு வேலை போனது. நம் உடம்பில் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வது தசைதான். அதுவும், அசையும் தசைக்கு இன்னொரு வசதி உண்டு. இன்சுலின் தட்டாமலே அதன் கதவு கொஞ்சம் திறக்கும். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாததற்குக் காரணம் இதுதான்.

அவர் மோட்டாரைக் கழற்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையைப் பூட்டிவிட்டு நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு நடை. தட்டில் சோறு பாதியானது. பொரியலும் பருப்பும் மீதிப் பாதியை எடுத்துக்கொண்டன. கடைக்கு வரும் டீயில் சர்க்கரை நின்றது. பொங்கலுக்கு மறுவாரம் எடுத்த எச்பிஏ1சி, 7.1.

மகன் வைத்த டார்கெட்

அளவெடுத்தே வாழ்ந்த மனிதர் அவர். மார்பு, இடுப்பு, கை நீளம் என்று நோட்டில் எழுதுவது போலவே, காலைச் சர்க்கரை, மாலைச் சர்க்கரை என்று ஒரு நோட்டு போட்டார். 110 வந்தால் 100 ஆக்கப் பார்த்தார். 100 வந்தால் 95. தன் நோட்டு சரியானதும், பார்வை அம்மாவின் மீது திரும்பியது.

அம்மாவுக்குக் காலையில் 160, 170, சில நாள் 190 இருக்கும். எச்பிஏ1சி 7.9. "இத்தனை வருஷமா இதைக் கவனிக்காம விட்டுட்டேனே" என்று அவருக்குக் குற்ற உணர்வு. தனக்கு நடந்தது அம்மாவுக்கும் நடக்கும், கண்டிப்பாக இருந்தால் அம்மாவின் ஊசியும் ஒருநாள் நிற்கும் என்று மனதார நம்பினார்.

இரவில் அம்மா சாப்பிடும் நாலு இட்லி, இரண்டானது. பிறகு அதுவும் போய், வெள்ளரிக்காயும் ஒரு கிண்ணம் சுண்டலும் வந்தன. இரவு ஊசி 16 யூனிட். ஒருநாள் மீட்டரில் 190 பார்த்ததும், அவரே அதை 20 ஆக்கினார். டாக்டரிடம் கேட்கவில்லை. "நாலு யூனிட்தானே!"

காலைச் சர்க்கரை இறங்கியது. 130. 112. 98. நோட்டில் 98 எழுதிய அன்று அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி 2 மணி

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த பிப்ரவரி மாதம். மகள் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அப்பத்தா படுத்திருந்த கட்டிலிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. தூக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் விட்டுவிட்டாள். பிறகு, இறந்து எட்டு வருடமான தாத்தாவைப் பார்த்துப் பேசுவது போலக் கேட்டது. "சாவியை எங்கே வெச்சீங்க... கதவைத் திறங்க..."

லைட்டைப் போட்டாள். அப்பத்தாவின் ரவிக்கை, தலையணை எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தன. கை சில்லிட்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால், பேத்தியை அடையாளம் தெரியவில்லை.

"அப்பா!"

மீட்டர் 44 என்று காட்டியது.

அவருக்குக் கை ஓடவில்லை. மனைவிதான் சமையலறைக்கு ஓடி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தார். "அத்தை, முழுங்குங்க... கொஞ்சம் கொஞ்சமா..." விழுங்க முடிந்தது. அது பெரிய அதிர்ஷ்டம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-க்குத்தான் அழைக்க வேண்டும்.

15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 63. மறுபடியும் மூன்று ஸ்பூன். அடுத்த 15 நிமிடத்தில் 92. மிச்சமிருந்த மாவில் மருமகள் இரண்டு இட்லி ஊற்றி, அந்த நேரத்துக்கு ஊட்டிவிட்டார். பாதி இட்லி உள்ளே போனதும் அம்மா சுற்றிப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் எந்திரிச்சு உட்கார்ந்திருக்கீங்க?"

மகன் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிகிற நேரத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. "இதுக்கு முன்னாடி இப்படி ஆச்சாம்மா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "ஒரு வாரமா ராத்திரியில வேர்த்துக் கொட்டும்ப்பா. வயித்துக்குள்ள என்னமோ பிராண்டும். எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்குவேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீ ஆசையா அளந்து அளந்து குடுக்குற. அந்த நோட்டுல எழுதிட்டு எவ்வளவு சந்தோஷப்படுற... எப்படிப்பா வேணாம்னு சொல்றது?"

இரண்டு பேருக்கு இரண்டு சீட்டு

மறுநாள் டாக்டர் முன்னால் நோட்டை வைத்தார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். டாக்டர் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு அளவெடுத்து, இன்னொருத்தருக்குத் தைச்சிருக்கீங்க" என்றார்.

மகனின் உடம்பில் கணையம் களைத்திருந்ததே தவிர, இன்னும் வேலை செய்யும் நிலையில் இருந்தது. ஓய்வு கொடுத்ததும் எழுந்துகொண்டது. அம்மாவின் நிலை வேறு. டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும்போதே பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்கிறது, இங்கிலாந்தின் புகழ்பெற்ற யு.கே.பி.டி.எஸ் ஆய்வு. வருடம் போகப்போக மீதியும் குறையும். 22 வருடத்துக்குப் பிறகு, அம்மாவுக்கு இன்சுலின் என்பது இல்லாததை ஈடுகட்டும் மருந்து. அது நிற்கப்போவதில்லை. போதாததற்கு அவருடைய சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். அதனால், போட்ட இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சாப்பாட்டைக் குறைத்து ஊசியை ஏற்றினால், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும்.

'சர்க்கரை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது' என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அதைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்ததுதான் 'அக்கார்ட்' ஆய்வு. 10,251 பேர் பங்கேற்றார்கள். சராசரி வயது 62. நோய் வந்து சராசரியாகப் பத்து வருடம் ஆனவர்கள். இதய நோய் இருந்தவர்கள் அல்லது அதற்கான ஆபத்து அதிகம் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சி 6-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு 7 முதல் 7.9 வரை இருந்தால் போதும் என்று விட்டார்கள்.

2008 பிப்ரவரியில் அந்தக் கண்டிப்பான சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கண்டிப்பான பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள். மற்றதில் 203 பேர். கண்டிப்பான பிரிவில் தாழ் சர்க்கரையும் அதிகம். நாலில் ஒருவருக்கு மேல் 10 கிலோவுக்கும் அதிகமாக எடை கூடியிருந்தார்கள். ரெசிஸ்டன்ஸ் இருக்கும் உடம்பில் மருந்தை ஏற்றி ஏற்றி எண்ணை மட்டும் இறக்கினால், எடை கூடி, ரெசிஸ்டன்ஸுக்கே அது தீனியாகிவிடும்.

அதேநேரம், யு.கே.பி.டி.எஸ் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அதில் இருந்தவர்கள் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். கண்டிப்பாக இருந்த பிரிவில் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆய்வு முடிந்து, இரண்டு பிரிவினரின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்துவிட்ட பிறகும், பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்தவர்களுக்கே மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. ஆரம்ப வருடங்களை உடம்பு மறப்பதில்லை.

டாக்டர் இரண்டு சீட்டு எழுதினார். மகனுக்கு: எச்பிஏ1சி 6.5-க்குள். தாழ் சர்க்கரை ஆபத்துள்ள மருந்து எதுவும் அவருக்கு இப்போது இல்லை. அதனால் கண்டிப்பாக இருக்கலாம். அம்மாவுக்கு: 8-க்குள் இருந்தால் போதும். காலையில் 100-க்குக் கீழே வந்தால் சந்தோஷப்படக் கூடாது, போன் செய்ய வேண்டும். இரவு ஊசி 14 யூனிட். சாப்பாடு குறைந்தால் ஊசியின் அளவைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்க வேண்டும்.

"சர்க்கரை வியாதிக்காரி தலைமாட்டுல சர்க்கரை டப்பாவா!" என்று அம்மா சிரித்தார்.

அந்த டப்பா

ஏப்ரலில் மகனின் எச்பிஏ1சி 6.3. எடை 74-லிருந்து 68. மெட்ஃபார்மின் தொடர்கிறது. 'சர்க்கரை போயிடுச்சு' என்று இப்போது அவர் சந்தில் யாரிடமும் சொல்வதில்லை. நடையை நிறுத்தினால் திரும்பி வரும் என்று தெரியும். சாப்பாட்டில் சர்க்கரை, மாவு, அரிசி என்று மறுபடி ராக்கை நிரப்பினால், கதவு மறுபடி இறுகும் என்பதும் தெரியும்.

அம்மாவின் எச்பிஏ1சி 7.8. இரவில் மூன்று இட்லி. ராத்திரி வேர்ப்பதில்லை. திடீர் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், உளறல்... இதில் எது வந்தாலும் முதலில் மீட்டரை எடு என்று பேத்தி ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். வீட்டில் வயதானவர்கள் இன்சுலினோ, தாழ் சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொண்டால், எல்லா வீட்டுக்கும் தேவையான அட்டை அது.

நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போது அதில் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் மகன், வலப்பக்கம் அம்மா. வலப்பக்கத்தில் எண்ணோடு இன்னொரு வரியும் உண்டு. 'ராத்திரி தூக்கம் எப்படி?' தினமும் காலையில் அவர் அதைக் கேட்டு எழுதுகிறார். முதலில் அம்மா எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் ஒருநாள், "ரெண்டு மணிக்குக் கொஞ்சம் வேர்த்துச்சுப்பா" என்றார். அன்று காலைச் சர்க்கரை 96. மகன் உடனே டாக்டருக்குப் போன் செய்தார். டோஸ் இரண்டு யூனிட் குறைந்தது.

இந்தத் தீபாவளிக்குக் கடையில் துணி மறுபடி குவிந்தது. மதியம் 2 மணிக்கு, அவர் கத்தரியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். பிளவுஸ் வாங்க வந்த அம்மா ஒருவர், "எங்கே கிளம்பிட்டீங்க? இன்னைக்குத் தர்றேன்னு சொன்னீங்களே!" என்றார்.

"கால் மணி நேரம் உட்காருங்கம்மா, நடந்துட்டு வந்து கையில குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வீதியில் இறங்கி நடந்தார்.

(உங்கள் சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது வயது, நோயின் காலம், மற்ற நோய்கள், எடுக்கும் மருந்து ஆகியவற்றைப் பொறுத்தது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை, இன்சுலின் அளவைக் கூட்டவோ, குறைக்கவோ வேண்டாம்.)